பின்பாரம்

வண்டிலில் ஏறுவதற்கு முன்பே எனக்கு இடம் குறித்தாகிவிட்டது.

"ஜெகதா, நீ பின்னுக்கு இரு" என்றார் இவர்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர் தில்லைநாதன். முரசுமோட்டையில் எங்கள் வயலையும், மயிலை, சிவலை என்ற இரண்டு எருதுகளையும் பார்த்துவிட்டு, பொழுது மிஞ்சினால் என்னையும் பார்க்கிற மனுஷன். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோவிலுக்குப் போகப் புறப்பட்டு நிற்கிறோம். நேர்த்திக்கு நெல்மூட்டைகள், பொங்கல் பானை, பாய், தண்ணீர்க்குடம் எல்லாம் ஏற்றியாகிவிட்டது.

பின்னுக்கு இருப்பதில் எனக்கென்ன குறை? நானும் இவரும் தனியப் போவதென்றால் பின்னுக்கு என்ன, அச்சுக்குக் கீழே லாம்பு தொங்கவிடுகிற கொக்கியில்கூடத் தொங்கிக்கொண்டு போவேன். ஆனால் என்னைப் பின்னுக்குத் தள்ளிய வாய் மூட முதல் அடுத்த வசனமும் வந்தது.

"விமலா, நீ இஞ்சாலை முன்னுக்கு வாவன்."

வாவன்! எனக்கு அதட்டல், அவளுக்குத் தேன்.

விமலேஸ்வரி இவருடைய சொந்த மாமி மகள். முறை மச்சாள். சின்ன வயதிலிருந்து அவளுக்கு இவர், இவருக்கு அவள் என்று பேசி வைத்திருந்து, கடைசியில் செவ்வாய்க் குற்றம் என்று சாதகம் பார்த்தவர் சொன்னதால் விட்ட சம்பந்தம். சாதகம் பொருந்தவில்லை என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். மனம் பொருந்தவில்லை என்று ஒரு நாய்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு இவருக்கு என்னைக் கட்டி வைத்தார்கள். அவளுக்கு இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. அது சரிவர வேண்டுமென்று அம்மனுக்கு நேர்த்தி வைத்து, யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் வண்டிலில் ஏறுகிறாள். ஆளும் சும்மா இல்லை. முருங்கைக்காய் மாதிரி உடம்பு, முழங்காலைத் தொடப் பார்க்கிற பின்னல். நான் உடம்புக்காரி. என் ஐயா வீட்டில் வஞ்சகம் இல்லாமல் சோறு போட்டு வளர்த்தவர்கள்.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். புருஷனின் மச்சாள் பெண்சாதிக்குத் தங்கச்சி முறை. அவள் என்னை வாய் நிறைய "அக்கா" என்று கூப்பிடுவாள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு "ஓம் பிள்ளை" என்பேன். இந்த முறையைக் கண்டுபிடித்தவன் நிச்சயம் ஒரு ஆம்பிளையாகத்தான் இருப்பான்.

"ஏன், நான் முன்னுக்கு இருந்தா வண்டில் ஓடாதோ?" என்று கேட்டேன்.

இவரிடம் வண்டிலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் போதும். கையிலிருந்த துவரந்தடியை ஒரு விரலின் மேல் குறுக்கே வைத்துக் காட்டினார். தடி அங்கும் இங்கும் ஆடிவிட்டு நேராக நின்றது.

"இந்த விரல்தான் அச்சு. விளங்குதே? உங்காலைப் பாரம் கூடினா வண்டில் பின்னுக்குக் குந்தும், நுகம் மேலை கிளம்பும், பூட்டாங்கயிறு மாட்டின்ரை தொண்டையை நெரிக்கும். இஞ்சாலை கூடினா நுகம் கழுத்திலை ஏறி இருந்து புண்ணாக்கிப் போடும். ரண்டும் இல்லாமல் பாரம் அச்சிலை நிக்கவேணும். நெல்லுமூட்டை முழுக்க முன்னுக்குக் கிடக்கு. அதுக்கு எதிர்ப்பாரம் நீ."

"மூட்டையைப் பின்னுக்குப் போட்டிட்டு என்னை முன்னுக்கு எடுக்கலாமே?"

"பின்னுக்குப் போட்டா வழியிலை விழுந்திடும். விசர்க்கதை கதையாமல் ஏறு."

கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவர் எனக்குச் சொன்ன ஆக நீளமான கதை இதுதான். நான் ஒரு சொல்லும் விடாமல் மனதில் போட்டு வைத்துக்கொண்டேன்.

அப்படியே போனோம். என் கால் இரண்டும் வண்டிலுக்கு வெளியே தொங்க, முகம் வந்த வழியைப் பார்க்க. எங்களுக்குப் பின்னால் பக்கத்துக் காணி ஏரம்பு அண்ணையின் வண்டில் வந்தது. அதில் அவரும் அவர் பெண்சாதி இரஞ்சிதம் அக்காவும். ஆக, முல்லைத்தீவு றோட்டு நெடுக நான் பார்த்துக்கொண்டு போனது ஏரம்பு அண்ணையின் மாடுகளின் மூஞ்சியை.

எங்கள் வண்டிலில் முன்னுக்கு ஒரே கதை. சிரிப்பு வேறு. சில்லுச் சத்தத்தில் பாதி கேட்காது. கழுத்தைத் திருப்பித் திருப்பிக் காதைக் கொடுத்ததில் பிடரி சுளுக்கினதுதான் மிச்சம். காதில் விழுந்த சொற்கள் சிவலை, புண்ணாக்கு, கொம்பு, லாடம். மாட்டைப் பற்றித்தானே கதைக்கிறார் என்று நீங்கள் சொல்லுவீர்கள். என்னோடு இவர் மாட்டைப் பற்றியும் கதைக்கிறதில்லையே! "சோத்தைப் போடு", "விளக்கை நூர்", அவ்வளவோடு என்னுடைய பங்கு முடிந்துவிடும். வயிறு எரிந்தது. ஓம், எரிந்ததுதான். ஒளிப்பானேன்?

மத்தியானம் ஒரு மருத மரத்தின் கீழ் வண்டிலை அவிழ்த்தோம். நான் கட்டுச்சோற்றைப் பிரித்துக்கொண்டிருக்க, விமலா ஒரு பிடி புல்லைப் பிடுங்கிக்கொண்டுபோய்ச் சிவலைக்குக் கொடுத்தாள். அந்த எருமைக்குணம் பிடித்த எருது, என்னைக் கண்டால் கொம்பை ஆட்டுகிற எருது, அவள் கையை நக்கிக்கொண்டு நின்றது. இவர் அதைப் பார்த்துச் சிரித்தார். மனுஷன்தான் அப்படி என்றால் மாடுமா?

இரஞ்சிதம் அக்கா என் பக்கத்தில் வந்து குந்தினாள்.

"ஏன் பிள்ளை மூஞ்சையை உப்பிடி நீட்டிக்கொண்டு இருக்கிறாய்?"

"ஒண்டுமில்லை அக்கா, வெயில்."

"வெயில்தான். முன்னுக்கு இருக்கிறவைக்கு அடிக்காத வெயில்" என்று சொல்லி அவள் ஊறுகாயை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஊருக்கே தெரிந்துதான் இருக்கிறது.

புதுக்குடியிருப்பு தாண்டியதும் மணல். எங்கள் வண்டிலின் ஒரு சில்லு அரைவாசிக்குப் புதைந்துவிட்டது. ஏரம்பு அண்ணை தன் வண்டிலிலிருந்து இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஒரு பாலைக்கட்டையை மணலில் வைத்து, அதன் மேல் அலவாங்கைக் கிடத்தி, நுனியை அச்சுக்குக் கீழே செருகி, இரண்டு ஆம்பிளைகளும் மற்ற நுனியில் தொங்கினார்கள். ஒரு அசைவும் இல்லை. இவர் முக்கினார், முனகினார், கோதாரி மணல் என்று பேசினார்.

"கட்டை நடுவிலை கிடந்தா எப்பிடி எழும்பும்? சில்லுக்குக் கிட்டத் தள்ளு தம்பி" என்றார் ஏரம்பு அண்ணை.

தள்ளினார்கள். பிறகு அண்ணை தன் பாட்டில் சுருட்டைக் கடித்துக்கொண்டு ஒரு அமத்து அமத்த, வண்டில் எழும்பி வந்துவிட்டது.

அதே அலவாங்கு, அதே பாரம், அதே ஆட்கள். கட்டை கிடக்கிற இடம்தான் மாறியது. எனக்கு என் வீட்டுக் கதைதான் நினைவில் வந்தது. அவள் "அத்தான்" என்று ஒரு சொல் சொன்னால் இந்த மனுஷன் எழும்பிவிடுகிறார். நான் வருஷக்கணக்காகத் தொங்கியும் ஒரு அசைவைக் காணோம். எனக்குக் கட்டை எங்கேயோ பிழையான இடத்தில் கிடக்கிறது. அதை யார் தள்ளி வைப்பது?

இப்படி யோசித்துக்கொண்டு நிமிர்ந்தால், விமலா செம்பில் தண்ணீரோடு இவருக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அந்தச் செம்பு என் செம்பு. என் சீதனச் செம்பு.

வற்றாப்பளையில் சனமென்றால் சனம். எண்ணெய்க்குப் பதில் கடல் தண்ணீர் விட்டு எரிகிற விளக்கைக் கும்பிட்டோம், பொங்கினோம், படைத்தோம். பிள்ளை வரம் கேட்கத்தான் நான் நேர்த்தி வைத்தது. மாமியார் சொல்லிச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் கைகூப்பிக்கொண்டு நின்றபோது வாயில் வந்தது வேறு.

"அம்மாளாச்சி, திரும்பிப் போகேக்கை என்னை முன்னுக்கு இருத்து தாயே. அவர் தன்ரை வாயாலை என்னைக் கூப்பிடவேணும். வேறை ஒண்டும் வேண்டாம்."

பக்கத்தில் விமலா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நின்றாள். அவள் என்ன கேட்டாளோ, யார் கண்டது. அம்மன் சந்நிதியிலும் ஒரு கண்ணால் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நான் கும்பிட்டேன்.

நேர்த்தி நெல் கோவிலோடு போயிற்று. மிச்ச நெல்லைத் திரும்பி வரும் வழியில் புதுக்குடியிருப்பில் ஒரு தோட்டத்தில் கொடுத்துத் தேங்காய் மாற்றினோம். அந்தத் தேங்காய் மூட்டைகளை இவர் எங்கே போட்டார் தெரியுமோ? பின்னுக்கு! போகும்போது நெல் விழுந்துவிடுமாம், வரும்போது தேங்காய் விழாதாம்.

மனதுக்குள் துவரந்தடியை விரலில் வைத்துப் பார்த்தேன். முன்னுக்கு இப்போது நெல் இல்லை. பின்னுக்குத் தேங்காய். அப்படியென்றால் உடம்புக்காரி முன்னுக்கு, முருங்கைக்காய் பின்னுக்கு. அம்மாளாச்சி இவ்வளவு கெதியாக வரம் தருவா என்று நான் நினைக்கவே இல்லை. சேலையை உதறிச் சரிசெய்துகொண்டு, வண்டிலின் முன்பக்கம் போய் நின்றேன்.

"நீ ஏன் இஞ்சை நிக்கிறாய்? பின்னுக்குப் போ" என்றார்.

"அப்ப பாரம்?"

"என்ன பாரம்?"

"பின்னுக்குத் தேங்காய் கிடக்கெல்லே."

"வண்டில் ஓட்டுறது நானோ நீயோ? போய் ஏறு."

விமலா "அத்தான்" என்று என்னவோ சொல்ல வாயெடுத்தாள். "நீ பேசாமல் இரு" என்றார் அவளுக்கு.

போய் ஏறினேன். நான் குந்தியதும் வண்டிலும் என்னோடு சேர்ந்து குந்தியது. முன்னுக்கு நுகம் கிளம்பியிருக்கும் என்று பார்க்காமலே தெரிந்தது. ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. சிவலை திறந்தது. முதலில் ஒரு செருமல், பிறகு இருமல், பிறகு விடாமல் இருமல்.

"டேய் தில்லை, பின்பாரமடா! மாடு இருமுறது கேக்கேல்லையே?" என்று ஏரம்பு அண்ணை பின்னாலிருந்து கத்தினார்.

"வெக்கைக்கு இருமுது அண்ணை!"

வெக்கையாம். வானம் மப்புப் போட்டுக் கிடக்கிறது, காற்றுக் குளிருகிறது, இவருக்கு வெக்கை. மாட்டுக்கு மூக்கு வடிந்தால் கொட்டிலிலேயே பாயைப் போட்டுப் படுக்கிற மனுஷன் இவர். நுகத்தில் ஒரு சிராய் கிளம்பினால் தன் கழுத்தில் குத்தினதுபோலத் துடிப்பார். அப்படிப்பட்டவர் சிவலையின் இருமலைக் கேட்டும் கேளாதவர்போல இருக்கிறார் என்றால், முன்னுக்கு இருக்கிறவளின் பெறுமதி என்ன என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். இவ்வளவு காலமும் எனக்குச் சந்தேகம்தான். இப்போது சாட்சி வந்துவிட்டது. அதுவும் பொய் சொல்லத் தெரியாத சாட்சி.

ஒரு மதகடி ஏற்றத்தில் சிவலை நின்றேவிட்டது. நாக்கு வெளியே வந்துவிட்டது. இவர் குதித்துப் போய்ப் பூட்டாங்கயிற்றுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் போகவில்லை. முகம் கறுத்தது. அதற்குள் ஏரம்பு அண்ணையும் இறங்கி வந்துவிட்டார்.

"உனக்கு நான் சொல்லித் தரவேணுமே? ஆக்களை மாத்தி இருத்தன். ஜெகதாவை முன்னுக்கு எடு, அந்தப் பிள்ளையைப் பின்னுக்கு விடு."

இதைவிடச் சுருக்கமாக ஒருவரும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எல்லாரும் இவரைப் பார்த்தோம். இவர் பிடரியைச் சொறிந்தார். விமலாவைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்தார். என்னைக் கூப்பிடத்தான் வருகிறார் என்று நான் இறங்கக் காலை நீட்டினேன். என்னைத் தாண்டிக் கையை நீட்டி, ஒரு தேங்காய் மூட்டையை இழுத்துத் தோளில் வைத்தார். கொண்டுபோய் முன்னுக்குப் போட்டார். திரும்பி வந்து இன்னொன்றைத் தூக்கினார்.

"இப்ப சரி" என்றார், மூச்சு வாங்க.

சரிதான். பாரம் அச்சில் வந்து நின்றுவிட்டது. சிவலையின் இருமலும் நின்றது. அவளை அந்த இடத்திலிருந்து எழுப்பி என்னைக் கூப்பிடுவதைவிட, மூட்டை தூக்கித் தோள் முறிவது மேல் என்று இந்த மனுஷன் முடிவெடுத்துவிட்டார். தேங்காய்க்குக்கூட முன்னுக்கு இடம் கிடைத்துவிட்டது. எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. இவர் முன்னுக்கு ஏறி வண்டிலை நகர்த்த, நான் பின்பக்கத்தால் வழுகி இறங்கிவிட்டேன்.

என் பாரம் போனதும் முன்பக்கம் டக்கென்று விழுந்தது. நுகம் அமர்ந்ததில் எருதுகள் இரண்டும் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. விமலா "ஐயோ அம்மா" என்று தேங்காய் மூட்டையைக் கட்டிப்பிடித்தாள்.

"என்னடி செய்யிறாய்? விசரே உனக்கு? ஏறு!"

"ஏறேலாது."

"முன்பாரமாப் போச்சு, மாட்டுக்குக் கழுத்து முறியப் போகுது!"

"அப்ப மூட்டையைத் திருப்பிப் பின்னுக்குப் போடுங்கோ. எனக்கும் தேங்காய்க்கும் என்ன வித்தியாசம்? அது வாய் காட்டாது, அவ்வளவுதானே!"

இரஞ்சிதம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இவர், மாட்டின் மூக்கோடு சேர்த்த நாணயக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு தானும் கீழே இறங்கினார். அவர் இறங்க முன்பாரம் குறைந்தது. அப்படியே மாட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். வண்டில் போனது. வடிவாகவே போனது. மாட்டுக்குப் பக்கத்தில் புருஷன், வண்டிலுக்குப் பின்னால் பெண்சாதி, மேலே அம்மன் எழுந்தருளினதுபோல விமலேஸ்வரி.

"இப்பதான்ரா பாரம் சரியா நிக்குது!" என்றார் ஏரம்பு அண்ணை.

அவர் பகிடிக்குத்தான் சொன்னார். நான் அழுதேன். நடந்துகொண்டே, மூக்கைச் சேலையில் துடைத்துக்கொண்டே அழுதேன். நாங்கள் இரண்டு பேரும் இறங்கினால்தான் இந்த வண்டில் சரியாகப் போகும் என்றால், பிறகென்ன குடும்பம் இது?

கொஞ்சத் தூரம் போனதும் விமலா வண்டிலை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினாள். பின்னலை எடுத்து முன்னுக்குப் போட்டுக்கொண்டு நேரே என்னிடம் வந்தாள். இவருக்கும் கேட்கட்டும் என்றே உரத்துச் சொன்னாள்.

"அக்கா, போகேக்கையே நான் பின்னுக்கு இருக்கிறன் எண்டு சொன்னனான். வரேக்கையும் சொல்ல வெளிக்கிட்டனான். உண்மையோ பொய்யோ எண்டு உங்கடை மனுசனைக் கேளுங்கோ."

நான் இவரைப் பார்த்தேன். இவர் சிவலையின் கொம்பைப் பார்த்தார்.

"நான் ஏரம்பண்ணையின்ரை வண்டிலிலை வாறன். மாட்டுக்கதை கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு."

சொல்லிவிட்டுப் போய் ஏறிவிட்டாள். அவள் நல்லவளாக இருந்தது எனக்கு இன்னும் எரிச்சலைத் தந்தது. கெட்டவளாக இருந்திருந்தால் பின்னலைப் பிடித்து நாலு கேள்வி கேட்டு ஆறியிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போகிறாள்.

ஆளில்லாமல் வண்டில் நின்றது. இவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சிவலையின் முதுகைத் தடவிக்கொண்டு நின்றவர், என் முகத்தைப் பாராமல் சொன்னார்.

"ஜெகதா, முன்னுக்கு வாவன்."

அம்மாளாச்சியிடம் கேட்ட அதே சொல். அவர் வாயாலேயே வந்துவிட்டது. என் கால் ஓடத் துடித்தது. ஆனால் அவர் துவரந்தடி வைத்துப் படிப்பித்த பாடம் எனக்கு மறக்கவில்லை.

"ரண்டு மூட்டை முன்னுக்குக் கிடக்கு. நீங்களும் ஏறி நானும் ஏறினா முன்பாரம். மாட்டுக் கழுத்து என்னத்துக்காகும்? அதுகளை முதல் பின்னுக்குப் போடுங்கோ."

"வீட்டை போய்ப் பாப்பமே..."

"போடுங்கோ."

கோவிலால் திரும்புகிற சனமெல்லாம் பார்க்க, ஏரம்பு அண்ணை சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு ஆறுதலாகப் பார்க்க, தான் தூக்கிப் போட்ட மூட்டைகளை இவர் தானே திரும்பத் தூக்கினார். நான் கை கொடுக்கவில்லை. மூட்டைகள் பின்னுக்குப் போன பிறகு, விமலா இருந்த இடத்து வைக்கோலை அள்ளி எறிந்துவிட்டு, வேறு வைக்கோல் பரப்பி ஏறி இருந்தேன்.

வண்டில் போனது. சிவலை இருமவில்லை. நுகம் கழுத்தில் பட்டும் படாமலும் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் இவர் தன் பாட்டில், சிவலையைக் கன்றாக வாங்கிக்கொண்டு வந்த கதையைத் தொடங்கினார். எனக்கே எனக்குச் சொன்னார். நான் "ம்" கொட்டிக்கொண்டு வந்தேன், ஆனால் ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

இவர் ஒருதரம்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான்தான் முரசுமோட்டை வந்து சேரும் வரைக்கும், பிடரி சுளுக்கச் சுளுக்க, ஏரம்பு அண்ணையின் வண்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த வண்டிலிலும் அவள் முன்னுக்குத்தான் இருந்தாள். இரஞ்சிதம் அக்கா பின்னுக்கு.